பொன்னாடை பிழை திருத்தாது

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ்க் கணிமை பற்றி மேடையில் பேசுகிறவர்களுக்கு ஒரு பட்டியல் மனப்பாடமாக இருக்கிறது. 1985-இல் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலைத் தொடங்கினார். 1995-இல் நா. கோவிந்தசாமி சிங்கப்பூர்க் கவிதைகளைத் தமிழில் இணையத்தில் ஏற்றினார். 1997-இல் தமிழ் இணைய மாநாடு சிங்கப்பூரில் நடந்தது. 2000-இல் உத்தமம் பிறந்தது. 2001-இல் மாநாடு கோலாலம்பூருக்கு வந்தது. பட்டியல் முடிந்ததும் 'உலகத் தமிழர்களுக்கே நாம்தான் வழிகாட்டி' என்று ஒரு வரி. கைதட்டல். பிறகு தேநீர் இடைவேளை.

பட்டியலில் எதுவும் பொய்யில்லை. எனக்கும் அதில் பெருமை உண்டு. ஆனால் அதிலுள்ள வினைச்சொற்களைக் கொஞ்சம் கவனியுங்கள். தொடங்கினார், ஏற்றினார், நடந்தது, பிறந்தது. பழுது பார்த்தார், பராமரித்து வருகிறார் என்று ஒன்றுகூட இல்லை. முரசு அஞ்சல் இன்றும் உயிரோடு இருக்கிறதென்றால், விண்டோஸ் மாறியபோதும், யூனிகோட் வந்தபோதும், கைப்பேசி வந்தபோதும் ஒருவர் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பச் செய்தார் என்று அர்த்தம். அந்த நாற்பது ஆண்டு உழைப்பு நம் மேடைப் பேச்சில் வராது. 1985 என்ற எண் மட்டும் வரும்.

நான் சொல்ல வருவது இதுதான். நம் சமூகம் தொடக்கத்துக்குக் காசு கொடுக்கும், பராமரிப்புக்குக் கொடுக்காது. அதைச் செய்கிறவரிடம் 'தொண்டு' என்று சொல்லிக் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடும். தமிழர்களுக்கு மட்டுமே தேவைப்படுகிற மென்பொருள்கள் கவனிப்பாரற்றுக் கிடப்பதற்கு முதல் காரணம் இந்தப் பழக்கம். ஆள் இல்லை, இளைஞர்களுக்குத் தமிழ்ப்பற்று இல்லை என்பதெல்லாம் அதற்குப் பிறகு சொல்லப்படும் சாக்கு.

எந்த மென்பொருளைப் பற்றிப் பேசுகிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 'கொடி' என்று ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கணினி 'கொ' என்ற எழுத்தைச் சேமிக்கும்போது முதலில் ககரத்தை வைக்கும், பிறகு ஒகரக் குறியை வைக்கும். திரையில் காட்டும்போது அந்தக் குறி இரண்டாக உடைந்து, கொம்பு ககரத்துக்கு முன்னாலும் கால் பின்னாலும் போய் உட்கார வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்ய ஹார்ஃப்பஸ் என்றொரு திறமூல மென்பொருள் இருக்கிறது. ஆண்ட்ராய்டு, குரோம், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆபிஸ் என்று எல்லாவற்றின் வயிற்றுக்குள்ளும் அது இருக்கிறது. அரபிக்கும் இந்திக்கும் தாய் மொழிக்கும் அது வேண்டும் என்பதால் பெரிய நிறுவனங்களில் சம்பளம் வாங்குகிறவர்களே அதில் வேலை செய்கிறார்கள். அதைப் பற்றி நமக்குக் கவலையில்லை.

கவலை அதற்கு மேலே உள்ள அடுக்கில்தான். தமிழ் விசைப்பலகைகள், எழுத்துருக்கள், பிழைதிருத்தி, அச்சுப் பக்கத்தைப் படித்து எழுத்தாக்கும் எழுத்துணரிக்கான தமிழ்த் தரவு, பழைய எழுத்துரு மாற்றிகள், சொற்பட்டியல்கள். இவை தமிழர்களுக்கு மட்டும் வேண்டியவை. வேறு எந்த மொழிக்காரனும் நமக்காக இதைப் பழுது பார்க்க மாட்டான். இவற்றில் பெரும்பாலானவை யாருடைய சம்பளத்திலும் இல்லை. யாரோ ஓரிருவரின் சனி, ஞாயிறில் இருக்கின்றன.

இலக்கிய வாசகர்களிடம் இதைப் பேசும்போது ஒரு சிக்கல் வரும். நாம் புத்தகத்தோடு பழகியவர்கள். 1960-இல் அச்சான ஒரு நாவல் கறையான் அரிக்காமல் இருந்தால் இன்றைக்கும் படிக்கலாம். எழுதியவர் வேலை அச்சோடு முடிந்தது. மென்பொருள் அப்படி இல்லைங்க. நீங்கள் அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் வைத்திருந்தாலும் அது நிற்கும் தரை நகர்ந்துகொண்டே இருக்கும். 2019-இல் மேக் கணினிகளின் கேட்டலினா பதிப்பு வந்தபோது 32-பிட் செயலிகள் எல்லாம் ஓடுவது நின்றது. கூகுள் பிளே ஆண்டுதோறும் புதிய ஆண்ட்ராய்டுக்கு ஏற்பச் செயலிகளைத் திருத்தச் சொல்கிறது. திருத்தாத செயலி புதிய கைப்பேசி வைத்திருப்பவர்களின் தேடலில் வராது. ஆப்பிள் கடையில் ஒரு செயலி இருக்க வேண்டுமென்றால் ஆண்டுக்கு 99 அமெரிக்க டாலர் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் இறக்கிவிடுவார்கள். ஆக, ஒரு பிழைகூட இல்லாத மென்பொருளும் சும்மா இருந்தாலே செத்துப்போகும். அதைச் சாகாமல் வைத்திருக்க ஆண்டுக்குச் சில நாள் வேலை. ஆனால் அந்தச் சில நாள் வேலையை ஒவ்வோர் ஆண்டும் யாராவது செய்ய வேண்டும்.

பிழைதிருத்தியை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்துக்கு ஒரு பெரிய சொற்பட்டியல் இருந்தால் முக்கால் வேலை முடிந்தது. தமிழில் 'வா' என்ற ஒரு வினை 'வந்துகொண்டிருந்தவர்களுக்காகவும்' என்று வளரும். இப்படிக் கிளைக்கும் வடிவங்களை எல்லாம் பட்டியல் போட முடியாது. இலக்கண விதிகளை நிரலாக எழுத வேண்டும். வல்லினம் எங்கே மிகும், எங்கே மிகாது என்பது வேறு தனிக் கதை. இவ்வளவு சிரமமான வேலையை நீச்சல்காரன் என்ற பெயரில் இயங்கும் ஒருவர் வாணி, நாவி என்று இரண்டு கருவிகளாகச் செய்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார். நானும் அவற்றைத்தான் பயன்படுத்துகிறேன். ஒரு மொழியின் சந்திப் பிழைகளைக் கோடிக்கணக்கில் பேசுகிற மக்கள் ஒரு தனி மனிதரை நம்பி விட்டிருக்கிறோம் என்பதை நினைத்தால் நன்றியோடு கொஞ்சம் பயமும் வருகிறது. அவர் களைத்துப்போனால் என்ன செய்வோம் என்று நம்மில் யாராவது கேட்டிருக்கிறோமா?

பழைய எழுத்துரு மாற்றிகள் இன்னும் மோசமான நிலையில் உள்ளவை. யூனிகோட் பரவலாவதற்கு முன் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவுக்கும் ஒரு குறியாக்கம் இருந்தது. ஓர் எழுத்துருவில் 'அ' இருந்த இடத்தில் இன்னொன்றில் 'ஞ' இருக்கும். தொண்ணூறுகளில் நம் எழுத்தாளர்கள் கணினியில் தட்டிய கதைகளும் கட்டுரைகளும் அப்படித்தான் கிடக்கின்றன. கோப்பைத் திறந்தால் லத்தீன் எழுத்தும் குறியும் கலந்த குப்பை தெரியும். அந்த எழுத்துரு எது என்று தெரிய வேண்டும், அதற்குரிய அட்டவணை மாற்றியில் இருக்க வேண்டும். அட்டவணை இல்லையென்றால் யாராவது எழுத்து எழுத்தாகப் பார்த்து உருவாக்க வேண்டும். இதற்கு விழா எடுக்க முடியாது. நாடா வெட்ட முடியாது. ஆனால் இதைச் செய்யாவிட்டால் நம் இலக்கியத்தின் ஒரு பத்தாண்டு, அச்சில் வராத பகுதி, கண்முன்னே போய்விடும். நா. கோவிந்தசாமி அடிப்படையில் சிறுகதைக்காரர் என்பதை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எழுத்தாளராக இருந்ததால்தான் கணினியில் தமிழ் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. 1999-இல் அவர் இறந்தார். அவருக்குப் பிறகு இங்கே இலக்கியமும் கணிமையும் இரண்டு தனித்தனி மண்டபங்களில் கூட்டம் போட ஆரம்பித்துவிட்டன.

மண்டபம் என்றதும் அடுத்ததைப் பேசியே ஆக வேண்டும். நம் ஊரில் ஒரு தமிழ்ச் செயலி வெளியிடப்படும் விதம் உங்களுக்குத் தெரியும். குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை. டத்தோ ஒருவர் தாமதமாக வருவார். ஆளுயரக் காசோலை அட்டையைப் பிடித்துக்கொண்டு படம் எடுப்பார்கள். நிரல் எழுதிய பையனைக் கடைசியில் கூப்பிட்டு ஒரு பொன்னாடை போர்த்துவார்கள். மண்டப வாடகை, சாப்பாடு, பதாகை, மாலை, நினைவுப் பரிசு எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகையில் அந்தச் செயலியை எத்தனை ஆண்டு உயிரோடு வைத்திருக்கலாம் என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. இரண்டு ஆண்டு கழித்து அந்தச் செயலியைத் தேடினால் கிடைக்காது. அப்புறம் அதே நோக்கத்தோடு வேறொரு சங்கம் வேறொரு பெயரில் ஒரு செயலியை வெளியிடும். அதே குத்துவிளக்கு.

எனக்கும் இதில் பங்கேற்க அழைப்பு வந்திருக்கிறது. ஓர் அமைப்பின் பொறுப்பாளர் என்னை அழைத்து, "தம்பி, நீங்க கம்ப்யூட்டர் படிச்சவங்கதானே? பிள்ளைங்களுக்கு ஒரு ஆப் செஞ்சு கொடுங்க. நம்ம மொழிக்கான தொண்டு" என்றார். என்ன செயலி, யாருக்கு, எத்தனை ஆண்டுக்கு என்று கேட்டேன். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். அடுத்த மாசம் பதினெட்டாம் தேதி மண்டபம் புக் பண்ணியாச்சு" என்றார். மண்டபத்துக்கு முன்பணம் கட்டியிருந்தார்கள். நிழற்படக்காரருக்குப் பேசியிருந்தார்கள். உணவுக்குப் பேசியிருந்தார்கள். எனக்குத்தான் தொண்டு. "அண்ணே, இப்போ ஏற்கெனவே ஒரு செயலி இருக்கு, அதுல சில பிழை இருக்கு, அதைச் சரி பண்ணிக் கொடுக்கறேன், மாசம் இவ்வளவு கொடுங்க" என்றேன். அவர் குரல் மாறிவிட்டது. "அது வேற ஆளு செஞ்சது தம்பி. அதுக்கு நாம ஏன் காசு போடணும்?"

அந்தக் கேள்வியில் நம் நோய் முழுக்க இருக்கிறது. வேறு ஆள் செய்தது என்றால் அதில் நம் பெயர் வராது. பெயர் வராத இடத்தில் காசு போடுவது நமக்குப் பழக்கமில்லை.

'தொண்டு' என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்கு அந்தச் சொல்மீது கோபமில்லை. அதை எப்போது, யாரிடம் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் கோபம். சமையல்காரரிடம் தொண்டு என்று யாரும் சொல்வதில்லை. ஒலிபெருக்கி வைப்பவரிடம் சொல்வதில்லை. மொழிபெயர்ப்பவர், பிழை பார்ப்பவர், நிரல் எழுதுபவர் என்று வந்தால் மட்டும் தொண்டாகிவிடுகிறது. இங்கே உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கி வெளியே வரும் என் வயதுக்காரர்கள் பெரும்பாலோர் தலையில் பிடிபிடிஎன் கல்விக் கடன் இருக்கிறது. அடுத்தது காருக்கு மாதத் தவணை. ஆபிசிலிருந்து எட்டு மணிக்கு வீடு வந்து, அதற்குப் பிறகு இலவசமாக நிரல் எழுத யாரால் முடியும்? கடனில்லாதவரால் முடியும், வீட்டில் வேறு ஒருவர் சமைத்து வைக்கிறவரால் முடியும். பெண் நிரலாளர்கள் திருமணத்துக்குப் பிறகு இந்தக் குழுக்களிலிருந்து காணாமல் போவதைப் பார்த்திருக்கிறேன். தமிழ்ப்பற்று குறைந்துவிட்டதாலா போனார்கள்? சம்பளமில்லாத இரண்டு வேலைகளை ஒருவர் பார்க்க முடியாது, அவ்வளவுதான். எல்லாவற்றையும் தொண்டர் கையில் விட்டால் ஓய்வு நேரம் உள்ளவர்கள் மட்டும் தமிழ் மென்பொருளைத் தீர்மானிப்பார்கள்.

இது தமிழுக்கு மட்டும் நடக்கும் கொடுமை இல்லை. 2014-இல் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளியே வந்தது. இணைய வங்கி உட்பட உலகின் பெரும்பகுதித் தளங்கள் நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் அந்த ஓட்டை. அந்தத் திட்டத்துக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 டாலர்தான் நன்கொடை வந்துகொண்டிருந்தது என்பதும், முழுநேரமாக ஒரே ஒருவர்தான் அதில் இருந்தார் என்பதும் அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது. 2024-இல் எக்ஸ்இசட் விவகாரம் இதைவிடக் கொடூரம். ஒருவர் பல ஆண்டாகத் தனியாகப் பராமரித்து வந்த சின்ன மென்பொருள். அவர் களைத்திருந்தார், மனநலம் சரியில்லை என்று அவரே சொல்லியிருந்தார். உதவிக்கு வருவதுபோல் ஒருவர் வந்தார். இரண்டு ஆண்டுக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து நம்பிக்கையைச் சம்பாதித்தார். பிறகு உள்ளே ரகசியக் கதவு ஒன்றை வைத்தார். ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் தன் கணினியில் உள்நுழைவு அரை வினாடி தாமதமாவதைக் கவனித்துத் துருவிப் பார்த்ததால் உலகம் தப்பியது. தனியாக விடப்பட்ட பராமரிப்பாளர்தான் பலவீனமான கண்ணி என்பதை உலகம் இப்படித்தான் கற்றுக்கொண்டது. ஜெர்மனி 2022 முதல் இப்படிப்பட்ட அடிப்படை மென்பொருள்களுக்கு அரசுப் பணம் ஒதுக்கிவருகிறது. நாம் இன்னும் பொன்னாடையில் நிற்கிறோம்.

இதைச் சொன்னால் வழக்கமாக நான்கு மறுப்புகள் வரும்.

முதலாவது, 'கூகுள் பார்த்துக்கொள்ளும்.' கூகுள் தமிழுக்கு நிறையச் செய்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கூகுள் தனக்கு வேண்டியதைச் செய்யும், வேண்டாதபோது மூடும். கூகுள் ரீடரை 2013-இல் மூடியபோது யாரையும் கேட்கவில்லை. தொண்ணூறுகளின் ஏதோ ஓர் எழுத்துருவில் இருக்கும் ஈப்போ எழுத்தாளரின் கதையை மாற்றித் தருவது எந்தப் பன்னாட்டு நிறுவனத்தின் வேலைப் பட்டியலிலும் வராது.

இரண்டாவது, 'செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இனி எல்லாம் அதுவே செய்யும்.' நானும் தினமும் பயன்படுத்துகிறேன். நிரல் எழுதும் நேரம் குறைந்திருக்கிறது. ஆனால் எழுதிய நிரல் சரியா என்று பார்ப்பது யார்? பயனர் அனுப்பும் புகாரைப் படிப்பது யார்? கடையில் கணக்கைப் புதுப்பிப்பது யார்? 'வாழ்த்துக்கள்' சரியா, 'வாழ்த்துகள்' சரியா என்ற சண்டையில் முடிவு எடுப்பது யார்? பொறுப்பு என்பது ஓர் ஆளிடம்தான் இருக்க முடியும்.

மூன்றாவது, 'காசு வந்தால் சண்டை வரும், தொண்டுள்ளம் கெட்டுவிடும்.' இதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஒருவருக்குக் கொடுத்து இன்னொருவருக்குக் கொடுக்காவிட்டால் மனக்கசப்பு வரும். கணக்கு மறைத்தால் சங்கமே உடையும். நம் சங்கங்களின் வரலாறு நமக்குத் தெரியாதா? ஆனால் காசே இல்லாத குழுக்களிலும் சண்டை வந்து உடைவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்னாக்கும் நூலகம் திட்டம் 2005-இல் தொடங்கியது. தன்னார்வலர்களும் ஊதியம் வாங்குகிறவர்களும் அதில் சேர்ந்தே வேலை செய்கிறார்கள். விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதுகிறவர்களுக்குக் காசு கிடையாது. அதன் மென்பொருளையும் வழங்கிகளையும் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு விக்கிமீடியா அறக்கட்டளை சம்பளம் கொடுக்கிறது. அதனால்தான் எழுதுகிறவர் நிம்மதியாக எழுத முடிகிறது. சம்பளம் வாங்குகிற ஒருவர் இருந்தால்தான் மற்றவர்களின் ஓய்வு நேரம் வீணாகாது.

நான்காவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த மறுப்பு: 'நம் மக்களிடம் ஏது காசு?' இதைச் சொல்கிறவர்கள் தங்கள் தாத்தா, பாட்டியை அவமானப்படுத்துகிறார்கள். 1950-களில் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று இயக்கம் நடத்தி, மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்காகச் சாதாரண மக்களிடம் சிறு சிறு தொகையாக நிதி திரட்டினார். கொடுத்தவர்களில் எத்தனை பேர் பல்கலைக்கழக வாசலை மிதித்திருப்பார்கள்? தோட்டத் துண்டாடலின்போது, 1960-இல், துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டிய தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு வாங்கினார்கள். அந்தக் காசில் தோட்டங்களையே வாங்கினார்கள். அந்தக் காலத்துப் பத்து வெள்ளி ஒரு தொழிலாளிக்கு எவ்வளவு பெரிய தொகை! இன்றைக்கு நாசி லெமாக் கடையில்கூட டூயிட்நாவ் கியூஆர் இருக்கிறது. கைப்பேசியில் இரண்டு முறை தொட்டால் காசு போய்விடும். இல்லாதது காசு அல்ல. மாதாமாதம் கொடுக்கும் பழக்கமும், கொடுத்த காசு எங்கே போனது என்று சொல்லும் பழக்கமும்தான்.

கூட்டாகக் காசு போட்டால் என்ன நடக்கும் என்பதற்கு மென்பொருள் உலகிலேயே சாட்சி இருக்கிறது. முப்பரிமாண அசைவூட்டத்துக்கான பிளெண்டர் 2002-இல் கிட்டத்தட்ட மூடப்பட்ட நிலையில் இருந்தது. அதன் நிரலை முதலீட்டாளர்களிடமிருந்து மீட்க ஒரு லட்சம் யூரோ வேண்டியிருந்தது. பயனர்களிடம் கேட்டார்கள். ஏழு வாரத்தில் சேர்ந்துவிட்டது. இன்று அது உலகெங்கும் பயன்படும் கருவி. அதில் வேலை செய்கிறவர்களுக்கு மாதாந்தரச் சந்தாக்களிலிருந்து சம்பளம் போகிறது. நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் கீமேன். தமிழில் தட்டச்ச நம்மில் பலர் ஒரு காலத்தில் பயன்படுத்திய எ-கலப்பையின் தொடக்கப் பதிப்புகள் கீமேன் மீதுதான் ஓடின. தனி நிறுவனத்தின் கையிலிருந்த கீமேனை 2015-இல் எஸ்ஐஎல் என்ற மொழியியல் அமைப்பு எடுத்துக்கொண்டு, பிறகு திறமூலமாகவும் இலவசமாகவும் ஆக்கியது. ஊதியம் பெறும் நிரலாளர்கள் அதில் இருக்கிறார்கள். இன்றும் புதிய பதிப்புகள் வருகின்றன. அவ்வளவு பெரிய மொழிச் சமூகமான நாம் செய்யாததை, பேசுவோர் சில ஆயிரம் பேரே உள்ள மொழிகளுக்காகவும் விசைப்பலகை செய்துகொண்டிருக்கும் ஓர் அமைப்பு செய்தது.

சரி, என்ன செய்யலாம்? இன்னொரு பேரவை வேண்டாம். தலைவர், துணைத் தலைவர், செயலாளர், ஆலோசகர் என்று கடிதத் தாள் அடிக்க வேண்டாம். ஒரே ஒரு மென்பொருளை எடுத்துக்கொள்வோம். என் தேர்வு பழைய எழுத்துரு மாற்றி, ஏனென்றால் அது இங்குள்ள எழுத்தாளர்களின் சொத்தோடு நேரடியாகத் தொடர்புள்ளது. நூறு பேர் மாதம் ஆளுக்கு 20 ரிங்கிட். மொத்தம் 2,000 ரிங்கிட். குறைந்தபட்சச் சம்பளமே 1,700 ரிங்கிட்டாக இருக்கும் நாட்டில் இந்தத் தொகைக்கு ஒரு பொறியாளரின் முழு மாதத்தையும் கேட்டால் அது சுரண்டல். மாதம் நான்கைந்து நாள் கேட்கலாம். நான்கைந்து நாள் வேலை, மாதம் தவறாமல், ஆறு மாதத்துக்கு. இவ்வளவு ஒழுங்கான உழைப்பு நம் மென்பொருள் பலவற்றுக்கு இதுவரை கிடைத்ததே இல்லை.

நிபந்தனைகள் சில. என்ன வேலை என்று முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும். 'தமிழை வளர்த்தல்' என்று எழுதக் கூடாது. 'இந்த மூன்று எழுத்துருக்களுக்கு அட்டவணை சேர்த்தல், இந்தப் பன்னிரண்டு வழுக்களைத் திருத்தல்' என்று எழுத வேண்டும். மாதக் கடைசியில் வரவு செலவும் செய்த வேலையும் ஒரே பக்கத்தில் எல்லாரும் பார்க்கும்படி வர வேண்டும். நிரல் திறமூலமாக இருக்க வேண்டும். களப்பெயர், கடைக் கணக்கு, கடவுச்சொல் எல்லாம் குறைந்தது இரண்டு பேரிடம் இருக்க வேண்டும். ஒருவர் வெளிநாடு போனாலோ இறந்துபோனாலோ திட்டம் அவரோடு போகக் கூடாது. ஏற்கெனவே இலவசமாகச் செய்துகொண்டிருப்பவர் யாராவது இருந்தால் முதல் வாய்ப்பு அவருக்கு. அவர் வேண்டாம் என்றால்தான் வேறு ஆள். நம் நாட்டில் ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதியலாம். அதுவும் உடனே தேவையில்லை. ஏற்கெனவே பதிவும் வங்கிக் கணக்கும் உள்ள ஓர் இலக்கிய அமைப்பு, 'இந்தக் கணக்கை நாங்கள் வைத்துக்கொள்கிறோம், மேடையில் எங்களுக்கு இடம் வேண்டாம்' என்று சொன்னால் போதும். அப்படி ஓர் அமைப்பு கிடைப்பதுதான் கஷ்டம் என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். கேட்டுப் பார்ப்போமே.

என் சக பொறியாளர்களுக்கும் ஒன்று. தயவுசெய்து இன்னொரு தமிழ் விசைப்பலகை செய்யாதீர்கள். இன்னொரு திருக்குறள் செயலி வேண்டவே வேண்டாம். தொடங்குவதில் இருக்கும் போதை எனக்கும் தெரியும். காலியான கோப்பில் எழுதுவது இன்பம். வேறொருவர் எட்டு ஆண்டுக்கு முன் எழுதிய நிரலைப் படிப்பது வேதனை. ஆனால் ஊரில் பத்து பாதிக் கிணறு இருந்தால் தண்ணீர் இருக்கிறதென்று அர்த்தமில்லை. இருக்கும் கிணறு ஒன்றைத் தூர்வாருங்கள். கூலி கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

நிரல் தெரியாத இலக்கிய வாசகர்களுக்கு வேலை இல்லையா? அவர்களுக்குத்தான் அதிகம். மாற்றி சரியாக மாற்றியதா என்று பார்க்கத் தமிழ் படிக்கத் தெரிந்த கண் வேண்டும். பிழைதிருத்தி சரியான சொல்லைத் தவறென்று காட்டினால் அதை எழுதி அனுப்ப மொழியறிவு வேண்டும். 'வேலை செய்யல' என்று ஒரு வரி அனுப்பாமல், எந்தச் சொல்லைத் தட்டினீர்கள், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும் என்று மூன்று வரி எழுதினால் நிரலாளருக்கு ஒரு மணி நேரம் மிச்சம். எழுத்துருவை அட்டவணைப்படுத்த ஒரு பழைய அச்சுப் பிரதி வேண்டும். அது உங்கள் அலமாரியில் இருக்கலாம்.

இன்னொன்றும் கேட்கிறேன். நம் இதழ்கள் கவிதைத் தொகுப்புக்கு விமர்சனம் எழுதுகின்றன, நாவலைக் கிழித்துத் தொங்கவிடுகின்றன. ஒரு தமிழ் மென்பொருளைப் பற்றி அப்படி ஒரு விமர்சனம் எங்காவது வந்திருக்கிறதா? வருவதெல்லாம் வெளியீட்டுச் செய்தி. இந்தப் பிழைதிருத்தி எந்த இடத்தில் சறுக்குகிறது, இந்த எழுத்துருவில் 'ஸ்ரீ' ஏன் விகாரமாக இருக்கிறது, இந்தச் செயலி ஏன் மூன்று ஆண்டாகப் புதுப்பிக்கப்படவில்லை, அதற்கு வாங்கிய பணம் என்ன ஆனது என்று யாராவது பெயர் போட்டு எழுத வேண்டும். நல்ல விமர்சனம் இல்லாத இடத்தில் நல்ல நாவல் வராது என்று நம்புகிறவர்கள்தானே நாம்? மென்பொருளுக்கும் அதே விதிதான்.

இதைப் படித்து நீங்கள் நெகிழ வேண்டியதில்லை. நூறு பேர் வேண்டும், ஆளுக்கு மாதம் 20 ரிங்கிட், ஆறு மாதம். ஆறாவது மாத முடிவில் கணக்கையும், எத்தனை எழுத்துரு முடிந்தது, எத்தனை முடியவில்லை என்பதையும் எல்லார் முன்னும் வைக்க வேண்டும். முடியாதது அதிகமென்றால் காரணத்தைக் கேட்டுச் சண்டை போடுங்கள். அந்தச் சண்டைக்கு மண்டபம் தேவைப்படாது.